பதிந்த தேதி

சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மாமனார் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலக்கைப் பக்கம் மகன், ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும், வேலைக்குக் கிளம்பிய பாதியில். எதிரே, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, மகள் சுண்டு. ஏழு மாத வயிறு மேஜை விளிம்பில் இடித்ததால் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தாள். மருமகளுக்கு மேஜையில் இடமில்லாமல் இல்லை. ஆனாலும் அவள் சுவரோரம் கணினிக்கு முன்னால் இருந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். உட்காரவைக்கப்பட்டிருந்தாள் என்பதே சரி.

"வாசிம்மா," என்றார் மாமனார்.

மருமகள் திரையைப் பார்த்து வாசித்தாள். "இந்த மாச ஆரம்ப இருப்பு, பதினோராயிரத்து நானூறு."

"ஒண்ணாந்தேதி நாட்காட்டியில நான் என்ன எழுதியிருக்கேன்?"

சுண்டு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "பன்னெண்டாயிரத்து அறுநூறுப்பா."

"நேத்து கம்ப்யூட்டர் என்ன காட்டுச்சு?"

"பதினோராயிரத்து நானூத்தி அறுபது," என்றாள் மருமகள். அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை.

"ஒரே ராத்திரியில இன்னொரு அறுபது. மாசம் பொறந்த அன்னிக்கி இருந்த பணம், பாதி மாசம் போனப்புறம் எப்படிம்மா கொறையும்? போன வாரம் பெஞ்ச மழை இன்னிக்கி கொறையுமா?"



ஒரு வாரமாக இந்த இருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்ததை அறிந்தவர்களுக்கு இந்தக் காலை வியப்பாக இருக்காது. அறியாதவர்களுக்கு இரண்டு வரி. மாமனார் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெறும் வயது தாண்டியும் கம்பெனி அவரை விடவில்லை. அவர் பார்த்து "நல்ல நிலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மேலதிகாரிகூட மறுகேள்வி கேட்பதில்லை. தினமும் சாயங்காலம் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அன்றைய செலவைப் பஸ் டிக்கெட் முதற்கொண்டு கணினியில் ஏற்றுவார். ஐந்து வருஷத்துக்கு முன் அந்தக் கணக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவள் மருமகள். கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் எடுக்கவில்லை என்றால் மிச்சம் யார்? குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"அண்ணி, எடுத்திருந்தா சொல்லிடுங்க," என்றாள் சுண்டு, சிரித்த மாதிரி. "நானும் சின்ன வயசுல அப்பா சட்டைப் பையில கைய விட்டவதான். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாரு, அப்புறம் சரியாயிடும்."

"எடுத்தா நான் ஏன் கணக்க மாத்தப் போறேன்? பர்ஸ்ல எடுத்துட்டுப் பேசாம இருக்க மாட்டேனா?"

"பாத்தியா? எப்படி எடுக்கணும்னு யோசிச்சு வச்சிருக்கா," என்றான் அவள் கணவன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்ப்பவன்; எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவனுக்குக் குறைவு.

மாமனார் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். "சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள கணக்கு நேராகணும். ஆகலன்னா, நாளையிலேர்ந்து இந்த வீட்டுல ரெண்டு அடுப்பு. நீங்க தனி, நான் தனி."

ஏழு வருஷத்தில் அவர் மருமகளிடம் இப்படிப் பேசியதில்லை. குரலை உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வீடு காலியானது. சுண்டு மத்தியானம் ஸ்கேன் எடுக்கப் போக வேண்டும் என்று புடவையை மாற்றிக்கொண்டு முன்னதாகவே கிளம்பினாள். "கூட வரட்டுமா?" என்று கேட்டதற்கு, "நீங்க கணக்கப் பாருங்க அண்ணி," என்றாள். அந்தச் சொல் கதவு சாத்திய பிறகும் கூடத்திலேயே நின்றது.

மருமகள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இந்த மாதம் முழுக்க வரி வரியாகப் பார்த்தாள். சரி. போன மாதம். அதுவும் சரி. கூட்டல் பிழை இல்லை, அழித்த தடம் இல்லை. ஆனால் ஆரம்ப இருப்பு மட்டும் எலி கடித்த ரொட்டியாக ஓரத்தில் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. ஒருவேளை தூக்கத்தில் எழுந்து தானே ஏதாவது செய்கிறோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவள் வேலை செய்வது ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில். வரும் கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, உரிய மேஜைக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கடிதத்துக்கும் இரண்டு தேதி. எழுதியவர் தலைப்பில் போட்டது ஒன்று. வந்து சேர்ந்த அன்று அவள் குத்துவது இன்னொன்று. முதலாவதை நம்பி அவள் எதையும் அடுக்குவதில்லை. வருஷப் பிறப்புக்கு அப்புறம் வரும் கடிதங்களில் பாதி, பழைய வருஷத்தையே தலையில் சுமந்துகொண்டு வரும்.

மவுஸ் மேல் இருந்த கை நின்றது.

மாமனார் தேதியைத் தன் கையால்தான் அடிப்பார். இயந்திரமே போட்டுக்கொள்ளும் வசதியை அவர் நம்புவதில்லை. பட்டியலும் அந்தத் தேதியின்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு வரி எந்த நாளில் ஏற்றப்பட்டது என்பதையும் அந்த மென்பொருள் தன் பாட்டுக்குக் குறித்துவைத்திருக்கும். அந்தப் பத்தியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. திரையில் இடத்தை அடைக்கிறதென்று அவள்தான் அன்றைக்கு அதை மறைத்துவைத்தாள்.

பத்தியை வெளியே எடுத்தாள். "பதிந்த தேதி" என்று தலைப்பு வந்தது. அதன்மேல் ஒரு சொடுக்கு.

பட்டியல் தலைகீழாகப் புரண்டு நின்றது.

முதல் வரி நேற்றுச் சாயங்காலம் பதிந்தது. "பஸ், மில் மாடி." அடுத்தது, "டீ." அடுத்தது, "பஸ், திரும்ப." அதற்கு முந்தின நாளும் அதேதான். மூன்று நாள் தள்ளி மறுபடியும். எல்லாம் இந்த மாதம் பதிந்தவை. ஆனால் பக்கத்தில் அவர் கையால் அடித்த தேதியில் நாளும் மாதமும் சரியாக இருந்தன. வருஷம் மட்டும் பதினான்கு வருஷத்துக்கு முந்தியது.

கணக்கு தொடங்கியதற்கே முன்னால், பட்டியலின் உச்சியில், யாரும் ஏறிப் பார்க்காத இடத்தில் போய் அந்த வரிகள் உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து கீழே உள்ள ஒவ்வொரு மாதத்தின் ஆரம்ப இருப்பையும் குறைத்துக்கொண்டிருந்தன. திருட்டு இல்லை. யாரும் எதையும் மாற்றவில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் இன்னும் கீழே ஒரு வரியில், "சுண்டுவுக்கு ஸ்கூல் ஷூ" என்று இருந்தது. பதிந்தது போன வெள்ளிக்கிழமை.

அவள் எழுந்து மாமனாரின் அலமாரியைத் திறந்தாள். மடித்த சட்டைகளுக்குப் பின்னால் புது அட்டைப் பெட்டி. உள்ளே காகிதம் சுற்றிய கறுப்பு ஷூ, பதினோரு வயசுப் பிள்ளை போடும் அளவு.

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மில் மாடி என்று அவர்கள் சொல்லும் கட்டடத்தை இடித்து நாலு வருஷமாகிறது. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். இல்லாத கட்டடத்துக்குக் கருவிப் பையோடு பஸ் ஏறிப் போய், டீ குடித்து, திரும்பி வந்திருக்கிறார். அப்படியானால், அந்த நாட்களில் அவர் போயிருக்க வேண்டிய கட்டடங்களுக்கு?

திரும்ப ஓடிவந்து பட்டியலைப் பார்த்தாள். "பஸ், ஸ்கேன் கட்டடம்" என்ற வரி மாதம் ஒன்று வீதம் வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்தது மூன்று மாதத்துக்கு முன். அன்றைக்கு அவர் சாப்பிடும்போது சொன்னது காதில் விழுந்தது. 'அந்த லிஃப்ட்டத் தூக்குற ரோப் இழை விட ஆரம்பிச்சிருச்சு. உடனே ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவ போறப்ப மாத்திரணும்.'

அடுத்த தடவை வரவேயில்லை.

ஸ்கேன் எடுக்கும் இடம் ஆறாவது மாடி.

சுண்டுவின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. உள்ளே போகுமுன் அணைக்கச் சொல்வார்கள். கணவனைக் கூப்பிட்டாள். பின்னால் லென்ஸ் தேய்க்கும் இரைச்சல். "என்ன? சத்தமா பேசு! எந்த லிஃப்ட்டு?" பேசி நேரத்தை வீணாக்க முடியாது. கதவைப் பூட்டினாளா இல்லையா என்பது தெருமுனையில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை.

ஸ்கேன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்கு வரிசை நின்றிருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எண், ஆறு. மருமகள் வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"ஏம்மா, எல்லாரும் நிக்கிறோம்ல? உனக்கு மட்டும் தனி லிஃப்ட்டா?"

"யாரும் ஏறாதீங்க. ரோப் சரியில்ல."

"இந்தம்மாவுக்கு எப்படித் தெரியுமாம்?"

"மெக்கானிக் என் மாமனாரு."

அதைச் சொன்ன பிறகுதான் அதன் கனம் அவளுக்கே உறைத்தது. எண் ஐந்தானது. நாலானது. நாலிலேயே நின்றது. மேலே எங்கோ இரும்பு இரும்பை உரசும் ஒரு சின்னச் சத்தம். கேட்டதா, பயத்தில் கேட்ட மாதிரி இருந்ததா? காவலாளி அவள் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். அவள் நகரவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று. இரண்டு. ஒன்று.

கதவு திறந்தது. முதலில் ஒரு சக்கர நாற்காலி. அதன் பின்னால் சுண்டு, ஒரு கையில் ஸ்கேன் உறை, மறு கையில் கடித்த பிஸ்கட்.

"அண்ணி? கணக்கு முடிஞ்சிருச்சா?"

மருமகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிஸ்கட் கீழே விழுந்தது. பிறகு தான் மட்டும் ஓர் அடி உள்ளே எட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த சோதனை அட்டையைப் பார்த்தாள். மாதத்துக்கு ஒரு கட்டம். கடைசி இரண்டும் காலி. அதற்கு மேலே மாமனாரின் அச்சடித்த மாதிரிக் கையெழுத்து: "ரோப் தேய்மானம். அடுத்த வருகையில் மாற்ற வேண்டும்."

கட்டட மேலாளர் அட்டையை மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை படித்தார். கம்பெனிக்குப் போன் போட்டார். பேசி முடித்து உதட்டைப் பிதுக்கினார். "அவங்க ரிஜிஸ்டர்ல எல்லாம் சரியா இருக்காம். 'நல்ல நிலை'ன்னு மெக்கானிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காராம். நான் யாரை நம்பறது? நாளைக்குக் காலையில வரைக்கும் மூடி வைக்கிறேன். அதுக்குள்ள ரோப் சரியில்லன்னு அதே மெக்கானிக் எழுத்துல குடுக்கணும். இல்லன்னா ஓட்ட வேண்டியதுதான். ஆறு மாடி ஏறிட்டுப் பிள்ளத்தாச்சிங்க ஸ்கேனுக்கு வருவாங்களா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மருமகள் சொல்லிக்கொண்டே வந்தாள். சுண்டு கேட்டுக்கொண்டே நடந்தாள். ஷூவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நின்றாள்.

"அளவு சரியா வாங்கியிருக்காரா?"

"உன் பழைய அளவு எனக்கெப்படித் தெரியும்?"

"இடது கால் பெருவிரல் இடிக்கும்னு ஒரு அளவு கூடத்தான் வாங்குவாரு," என்றாள் சுண்டு. பிறகு தெருவென்றும் பாராமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, எழுதி வாங்கினா அப்பாவ வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. அவருக்கு வேற என்ன இருக்கு? வேண்டாம் அண்ணி. நாம யார்கிட்டயாவது சொல்லி அந்த ரோப்ப மட்டும் மாத்திருவோம்."

"அந்த ஒண்ணு மட்டும்தானான்னு உனக்குத் தெரியுமா?"

சுண்டுவுக்குத் தெரியவில்லை. மருமகளுக்கும் தெரியவில்லை. அதுதான் இருவரையும் வேகமாக நடக்கவைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் மாமனார் வந்தார். பையை ஆணியில் மாட்டினார், கையைக் கழுவினார், துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். அன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்ட மகன் வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரவும் பயம், வெளியே போகவும் பயம்.

"கணக்கு நேராச்சா?"

"ஆச்சு மாமா. பணத்த யாரும் எடுக்கல. நீங்களே வந்து பாருங்க."

அவள் முக்காலியை விட்டு எழுந்துகொண்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் எதையும் விளக்கவில்லை. "பதிந்த தேதி" என்ற தலைப்பை மட்டும் விரலால் காட்டினாள். அவர் வரிவரியாக இறங்கினார். பழுதான இயந்திரத்தைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான், அவசரமில்லாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: "மில் மாடியில இப்ப என்ன இருக்கு?"

"கார் நிறுத்துறாங்க மாமா. இடிச்சுட்டாங்க."

"அதான்." தலையை மெல்ல ஆட்டினார். "கதவக் காணோமேன்னு பாத்தேன். யாரையாச்சும் கேக்கலாம்னா வெக்கமா இருந்துச்சு. டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

"ஒரு தடவ மறக்கிறது எல்லாருக்கும் உள்ளதுதாம்ப்பா," என்றான் மகன் வாசலிலிருந்து. "நானே நேத்து ஒருத்தருக்கு இடது கண்ணு லென்ஸ வலது கண்ணுக்குப் போட்டுட்டேன்."

"உன் லென்ஸ் அந்து விழாதுடா."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமனார் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் கவிழ்த்துவைத்தார். அப்போதுதான் மருமகள் பார்த்தாள். காலையில் குரலில் இருந்த நடுக்கம் கையிலும் இருந்தது. அது கோபம் இல்லை, காலையிலும் கோபமாக இருந்திருக்கவில்லை. இந்த வீட்டில் ரொம்ப நாளாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர்தான்.

"நான் உன்ன சந்தேகமா நெனச்சேம்மா," என்றார்.

"தெரியும் மாமா."

"உன்ன நெனச்சா நெஞ்சுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. என்னையே அப்படி நெனக்க வேண்டாம்ல."

சுண்டு அவர் காலடியில் உட்கார முயன்று, வயிறு இடங்கொடாமல், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இன்னிக்கி நான் அந்த ஸ்கேன் கட்டடத்து லிஃப்ட்டுலதான் வந்தேன்."

அவர் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் வயிற்றை. அதுவரை தாங்கிக்கொண்டிருந்த முகம் அப்போதுதான் கலைந்தது.

"பேப்பர் எடும்மா," என்றார் மருமகளிடம்.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு. ஸ்கேன் கட்டடத்து லிஃப்ட்டை உடனே நிறுத்த வேண்டியது. ரோப்பில் இழைகள் அறுபட்டுள்ளன. பிரேக்கின் இடப்பக்க ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. வங்கிக் கட்டடத்திலும் சோதனை நடக்கவில்லை. "நல்ல நிலை" என்று நான் கொடுத்த கடைசி இரண்டு மாத அறிக்கைகள் எதையும் நம்ப வேண்டாம். இனி என்னை எந்த லிஃப்ட்டுக்கும் தனியாக அனுப்ப வேண்டாம்.

ஒரு சொல் தடுமாறவில்லை. ஸ்பிரிங்கின் அளவைக்கூட நினைவிலிருந்து சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மகன் ஒரு கணம், எல்லாம் தவறாகப் புரிந்துகொண்டோமோ, அப்பாவுக்கு ஒன்றுமில்லையோ என்று ஆசைப்பட்டான்.

"மூணாவதா ஒண்ணு எழுதணும்," என்றார் மாமனார். நெற்றியைத் தேய்த்தார். "பச்சைக் கதவு மெஷின் ரூம். மாடிப்படி திரும்புற எடத்துல புறா கூடு கட்டியிருக்கும். பழைய லிஃப்ட்டு. அதுல பிள்ளைங்க நெறைய ஏறும்."

"எந்தக் கட்டடம் மாமா?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"கம்பெனியில கேட்டா சொல்லிர மாட்டாங்களா?" என்றான் மகன்.

"அது கம்பெனிக் கணக்குல இல்லடா. அவங்களால காசு குடுக்க முடியாதுன்னு நானா போய்ப் பாத்துக் குடுக்குறது. என்னத் தவிர யாருக்கும் தெரியாது."

மருமகளின் பேனா மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து, அந்த எண்ணை அடித்துவிட்டாள். அடித்த கோட்டின்மேல் அவர் பார்வை பட்டபோது அவளுக்கு வலித்தது.

"தேதி மாமா?" என்றாள் வேலைப் பழக்கத்தில். கேட்ட பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நாட்காட்டியின் பக்கம் பாதி திரும்பி, நிறுத்திக்கொண்டார்.

"தேதிய நீயே போட்டுரும்மா."

போட்டாள். அவர் அதற்குக் கீழே கையெழுத்திட்டார். எழுத்து அச்சடித்த மாதிரிதான் இருந்தது. மகன் வாசலில் வண்டியை உதைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். கம்பெனியின் சாயங்கால ஷிப்ட் முடிவதற்குள் கையில் சேர்த்துவிட வேண்டும். மருமகள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். மாமனார் கையை நீட்டி உறையை வாங்கி, ஓரத்தை நாக்கில் நனைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தி ஒட்டினார். ஒட்டினது பிடித்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். எந்த லிஃப்ட்டின் ரோப்பையும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார்.

"வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு," என்று உறையைச் சுண்டுவிடம் கொடுத்து வாசலுக்கு அனுப்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது. மருமகள் முக்காலியில் திரும்பவும் உட்கார்ந்து, பட்டியலின் கடைசி வரைக்கும் போய், பச்சைக் கதவுக்குப் போன பஸ் டிக்கெட் வரியைத் தேட ஆரம்பித்தாள்.